படிக்கிணறும் கைப்பிடிச்சுவரும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்களோடு கொல்லிமலை போயிருந்தேன். ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் பார்த்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் சொன்னதால் வாழவந்திக்கும் போனோம். அங்கே ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியின் கல்லறைகள் இருக்கின்றன. சாலையே இல்லாத காலத்தில் அந்த மலைக்கு வந்து, மலேரியாவுக்கு நடுவில் வாழ்ந்து, மக்களுக்கு மருந்தும் படிப்பும் கொடுத்திருக்கிறார்கள். என்ன ஒரு தியாகம்! அந்தத் தியாகத்தை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிகூட இல்லாத இடத்தில் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள்! ஆனால் கூட வந்த நண்பன், "எல்லாம் ஆள் சேர்க்கத்தான்டா" என்றான். மதம் மாற்றும் நோக்கத்தோடு செய்ததைச் சேவை என்று சொல்லலாமா? இன்னொன்று: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு மாதம் விடுப்பு எடுத்து மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். பழைய துணிகளும் நிறையச் சேர்ந்திருக்கின்றன. வழி சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

சுற்றுலா போன இடத்தில் அருவியோடு திரும்பாமல் கல்லறைக்கு முன்னால் நின்று யோசித்திருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. மலைக்கிராமங்களில் நடந்த மருத்துவப் பணியைப் பற்றி நாம் பேசும் முறையே சரியில்லை என்று கொஞ்ச நாளாகவே ஓர் ஆதங்கம் எனக்கு உண்டு. உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து நிற்கிறது.

மதமாற்றக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், அவர்கள் மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அவர்களை அனுப்பியதே அதற்குத்தான். மலைக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் ஒருவர்கூட மதம் மாறவில்லை, அப்போதும் வைத்தியம் நடந்தது. 1929-ல் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், எழுபதை நெருங்கும் வயதில் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையில் மலைமலையாக அலைந்து, 1974-ல் 95 வயதில்தான் கண்மூடினார். மலைத்தெய்வங்களைப் பேய் என்று சொல்லிவைத்த மிஷனரிகள் பலர் உண்டு. அதன் மேல் பழங்குடிகளுக்கு வருகிற கோபம் நியாயமானது. இதற்கு மேல் விவாதம் வேண்டுமென்றால் உங்கள் நண்பரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைச் சங்கடப்படுத்தியது உங்கள் கண்ணீர்தான். தியாகம், தியாகம் என்று எழுதுகிறீர்கள். அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. "மருந்து கொடுத்தார்கள்" என்றால் என்ன மருந்து, எந்த நோய்க்கு, யாருக்கு, எத்தனை நாள்? அதைக் கேட்கத் தோன்றாத வரை நீங்கள் கும்பிட்டாலும் உங்கள் நண்பர் ஏசினாலும் இரண்டும் ஒன்றுதான்.

அந்த மலைகளில் மலேரியாவோடு சேர்ந்து மக்களை முடக்கிய நோய்களில் ஒன்று நரம்புச்சிலந்தி. உங்கள் தாத்தா தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆங்கில மருத்துவத்தில் கினிப்புழு. குடிதண்ணீரில் சைக்ளோப்ஸ் என்ற நீர்ப்பூச்சி இருக்கும். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெள்ளைப் புள்ளி துள்ளுவது தெரியும். அதன் உடம்புக்குள் புழுவின் குஞ்சு. தண்ணீரோடு வயிற்றுக்குள் போனதும் பூச்சி செரித்துவிடும், குஞ்சு செரிக்காது. குடலைத் துளைத்து வெளியேறி உடம்புக்குள்ளேயே வளரும். இணைசேர்ந்தபின் ஆண்புழு செத்துப்போகும். பெண்புழு ஏறக்குறைய ஒரு வருடத்தில் 60 முதல் 100 செ.மீ. நீளம் ஆகும், சேமியா கனத்தில். அந்த ஒரு வருடமும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் எழும்பித் தீயாய் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார்கள். கொப்புளம் உடைந்து புழு வெள்ளைத் திரவத்தைக் கக்கும். அதில் லட்சக்கணக்கான குஞ்சுகள். அந்த இடத்துச் சைக்ளோப்ஸ் அவற்றை விழுங்கி, இரண்டு வாரத்தில் அடுத்தவருக்குத் தொற்றத் தயாராகிவிடும்.

இப்போது ஒரு படிக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தோடு படியிறங்கி, கணுக்கால் நனைய நின்று மொண்டுகொண்டு ஏறுகிறார்கள். ஊரே அங்கேதான் இறங்குகிறது, ஊரே அதைத்தான் குடிக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியும் இல்லை. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை. வைத்தியம் என்பது புழுவைச் சுற்றி எடுப்பது மட்டும்தான். வாளித் தண்ணீரில் காலை முக்கினால் புழு கொஞ்சம் வெளியே வரும். (அந்தத் தண்ணீரைக் கிணற்றைவிட்டுத் தள்ளிக் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும். ஓடை ஓரத்தில் கொட்டினால் எல்லாம் வீண்.) வெளியே வந்த நுனியைச் சிறு குச்சியில் சுற்றி, பிடிமானம் இறுகுகிற இடத்தில் நிறுத்தி, குச்சியைக் காலோடு வைத்துக் கட்டுப்போட வேண்டும். கட்டு ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்த புழு அறுந்துவிடும். நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் வரும், முழுக்க எடுக்கப் பல வாரம் ஆகலாம். பொறுமையிழந்து இழுத்தால் புழு அறுந்து, மிச்சம் உள்ளே சுருங்கிச் சீழ்பிடிக்கும். மூட்டில் பிடித்தால் கால் மடங்காமலே போகும். டெட்டனஸ் வரும் அபாயமும் உண்டு. நம் நாட்டில் இது அன்று கோடையில், நீர் வற்றுகிற மாதங்களில்தான் அதிகம் தலைகாட்டியது. முதல் மழைக்கு நிலத்தைத் தயார்செய்ய வேண்டிய நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருவர் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள்.

இத்தனை பாடுபட்டு எடுத்தாலும், கிணறு அப்படியே இருந்தால் அடுத்த வருடம் அதே வீட்டில் அதே நோய்.

பிராண்ட் தம்பதி இருவருமே மருத்துவர்கள் அல்ல. ஜெஸ்ஸி மிஷனரிகளுக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றவர், கூடவே கட்டட வேலை தெரிந்தவர். அந்த மலைக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருபக்கம் புழுவைச் சுற்றி எடுத்தபடி, மறுபக்கம் கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லி வற்புறுத்தினார்கள். ஈவ்லின் முதுமையிலும் அதை விடவில்லை.

சுவர் என்றால் நாலு கல்லை அடுக்குவது அல்ல. இறங்கும் படி முழுவதும் அடைபட வேண்டும். கைப்பிடிச்சுவர் இரண்டரை, மூன்றடி உயரம். சுற்றிலும் வெளிப்பக்கமாகச் சரிந்த தளம், சிந்துகிற தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பிக் கசியாமல் தூரமாய்ப் போக வாய்க்கால். மேலே ராட்டினம், அது முடியாவிட்டால் குறுக்குக்கட்டை. கிணற்றடியிலேயே ஊருக்குப் பொதுவாய் ஒரு கயிறு, ஒரு வாளி. சுவரைக் கட்டிவிட்டுக் கயிற்றை மறந்தால் எல்லாம் கெட்டது. சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது கயிறு எட்டாது. பெண்கள் என்ன செய்வார்கள்? ஒரு பக்கத்துக் கல்லைப் பெயர்த்துவிட்டு இறங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் உலை வைக்க வேண்டும். இறங்கியவர்களில் ஒருத்தி காலில் கொப்புளம் இருந்தால் போதும், அந்த வருடத்து உழைப்பு போயிற்று. ஆகவே கயிற்றைக் கார்த்திகையில் அளக்கக்கூடாது. கோடையின் கடைசி நீர்மட்டத்துக்கு அளந்து, மேலே இரண்டு முழம் சேர்க்க வேண்டும். கயிறு இற்றால் யார் வாங்குவது என்பதை ஊர்க்கவுண்டரை வைத்து, ஊர்க்கூட்டத்தில், கயிறு புதிதாக இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும்.

வடிகட்டும் துணியிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. நெருக்கமாக நெய்த துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினால் சைக்ளோப்ஸ் மேலே தங்கிவிடும். மறுநாள் துணியைப் புரட்டிக் கட்டினால், நேற்றுத் தங்கியதெல்லாம் இன்று குடத்துக்குள். அதனால் மேல்பக்கம் எது என்று ஓரத்தில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டு வைக்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

1983–84-ல் மத்திய அரசின் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1984-ல் நாடு முழுவதும் சுமார் 40,000 பேருக்கு நோய் இருந்தது. அரசுத் திட்டம் செய்ததும் இதே வேலைதான்: படிக்கிணற்றை மூடு, துணியில் வடிகட்டு, நோயாளி தண்ணீரில் கால் வைக்காமல் பார்த்துக்கொள். புதிதாகச் சேர்ந்தது டெமிஃபாஸ் என்ற மருந்து, புழுவுக்கு அல்ல, சைக்ளோப்ஸுக்கு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 4 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் உள்ள வட்டக்கிணறு என்றால் சுமார் 25,000 லிட்டர். அதற்கு 50 சதவீதக் கரைசல் 50 மில்லி. நீர் ஆழத்தை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். போன மாத அளவையே ஊற்றினால் கூடும் அல்லது குறையும். கொப்புளம் வந்தவரை 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதற்கு ஊரிலேயே, வீட்டையும் தேதியையும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். மலைப்பள்ளிகளில் படித்த நாலு எழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, கல்வியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் சொல்லாத பயன். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானத்து ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கியது.

நீட்டிவிட்டேன், தெரிந்தேதான் நீட்டினேன். மருந்தே இல்லாத ஒரு நோய் கயிறு, கல், துணி, நோட்டுப்புத்தகம் ஆகியவற்றால் இந்த நாட்டை விட்டுப் போயிருக்கிறது. நீங்கள் அந்த மலையில் கல்லறையைப் பார்த்தீர்கள், பழைய கிணறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்களா?

பிராண்ட் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914-ல் ஊட்டியில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் இதே வழியில்தான் யோசித்தார். நோய் தானாக விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி இல்லாத காலில் முள்ளும் சூடும் செருப்பின் கடியும் சேர்ந்து தின்கின்றன என்று காட்டினார். அதற்கான வைத்தியம்: தினமும் அரைமணி நேரம் காலை நீரில் ஊறவைத்துத் தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூசி, நுண்ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வது. இதை நோயாளியே வீட்டில் செய்ய வேண்டும், வேறு யாராலும் ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருக்க முடியாது.

மதம் சாராமலும் இந்த வேலை நடக்கும். தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1990-களில் தொடங்கிய பழங்குடி மருத்துவமனையில், அந்தப் பள்ளத்தாக்கின் மலையாளி என்ற பழங்குடிப் (கேரளத்தவர் அல்ல) பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள்.

உங்கள் இரண்டு மாதத்துக்கு வருகிறேன். பழைய துணியைக் கொண்டுபோகாதீர்கள். அளவு பாராமல் மூட்டையாக இறக்கும் துணியைத் தரம் பிரித்து, பாதியை எரிப்பது அங்குள்ளவர்களுக்கு இன்னொரு வேலை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், ஓவியம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் உங்களிடம் ஒட்டிக்கொள்வார்கள், நீங்கள் பேருந்து ஏறிவிடுவீர்கள். அவர்களுக்கு அது நல்லதல்ல, உங்களுக்கும்தான்.

இரண்டு மாதத்தில் முழுசாக முடிகிற வேலை ஒன்று சொல்கிறேன். உண்டு உறைவிடப் பள்ளி விடுதிகளில் சிரங்கு தீராத தொல்லை. இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளை பகலில் வகுப்பில் தூங்கும். ஆசிரியர் அதை மந்தம் என்பார். வழக்கமாக நடப்பது இது: சொறிகிற பத்துப் பேருக்கு மருந்து பூசுவார்கள். சொறியாத பிள்ளையிடமும் சிரங்குப் பூச்சி இருக்கும், முதல் தொற்றில் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகும். மறுமாதம் பழையபடி.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் தலைமையாசிரியரிடமும் அனுமதி வாங்கி, மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய முறை: விடுதியில் எல்லோருக்கும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. சமையல்காரர், காப்பாளர் உட்பட எல்லோருக்கும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக இடுக்கு, தொப்புள், அக்குள், தொடையிடுக்கு விடாமல். எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், காலையில் குளியல். இரவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். அன்று காலை, கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். ஏழாம் நாள் இரண்டாம் பூச்சு. அதற்கப்புறமும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து தோற்றுவிட்டது என்று அதற்குள் யாரும் கைவிடக்கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பூச்சுக்கு 30 கிராம் குழாய் ஒன்று, சின்னவர்களுக்கு மருத்துவர் குறைத்துச் சொல்வார். நூறு பேர் விடுதிக்கு 200 குழாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணி மூட்டையை அனுப்புகிற லாரிச் செலவை இதில் போடுங்கள்.

மருந்து வாங்குவதற்கு முன்னால் பள்ளி நாள்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பூச்சுக்கும் நடுவில் விடுமுறை வந்தால் முதல் பூச்சையே தள்ளிப்போடுங்கள். வீட்டுக்குப் போய் வரும் பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் எழுதி, வீட்டாருக்கும் அதே வாரத்தில் மருந்து போய்ச் சேரும்படி கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள்.