அட்வான்ஸ் யாருடைய பணம்? (கடிதம்)

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 28. சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பிடித்தம் போக மாதம் 90,000 ரூபாய் கைக்கு வருகிறது. அப்பா ஊரில் நிலத்தை விற்றுத் தந்த பணத்தையும் என் சேமிப்பையும் போட்டு, சென்ற ஆண்டு மேடவாக்கத்தில் 50 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கினேன். வங்கிக் கடன் 40 லட்சம். மாதத் தவணை 34,700. நான் நண்பர்களோடு வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

35 வயதுக்குள் ஐந்து வீடுகள் வாங்கி அவற்றின் வாடகையில் வாழ வேண்டும் என்பது என் இலக்கு. மேடவாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டால் 15,000தான் வரும். மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக 10 லட்சம் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பித் தரும் மூன்று வருட லீசுக்கு விட்டால், வட்டியில்லாமல் கிடைக்கும் அந்தப் பணத்தை வைத்துக் கூடுவாஞ்சேரியில் 40 லட்சத்தில் இரண்டாவது வீட்டை வாங்கலாம். அதையும் லீசுக்கு விட்டு மூன்றாவதை வாங்கலாம். ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர் வீட்டைப் பார்த்துவிட்டு 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். மீதியை மாதக் கடைசியில் தருவார்கள்.

இரண்டாவது வீட்டைக் கூடுவாஞ்சேரியில் வாங்கலாமா, ஓ.எம்.ஆர். பக்கமே பார்க்கலாமா? ஃபிளாட் நல்லதா, பழைய தனி வீட்டை வாங்கிப் போர்ஷன்களாகப் பிரித்து விடுவது நல்லதா? நண்பர்கள் வீடே வேண்டாம், மியூச்சுவல் ஃபண்டில் போடு என்கிறார்கள். வாடகை வீடுகளைப் பற்றி அடிக்கடி எழுதுபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் எங்கள் தெருவில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி வீட்டுக் கதவில் வங்கியின் உடைமை அறிவிப்பு ஒட்டப்பட்டது. கடன் வாங்கியவரின் பெயர், நிலுவைத் தொகை, சர்வே எண், நான்கு எல்லைகள், பிரிபடாத மனைப் பங்கின் சதுர அடி எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. உள்ளே லீசுக்குக் குடியிருந்த குடும்பத்தின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அந்த வீட்டில் இல்லவே இல்லை. அந்த வீட்டுப் பெண்மணி காய்கறிப் பையோடு நின்று அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தைப் பிரித்ததால், நீங்கள் கேட்டவற்றைவிடக் கேட்காத ஒன்றைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கூடுவாஞ்சேரியா ஓ.எம்.ஆரா என்பதை எங்கிருந்தோ ஒருவர் சொல்லிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாளில் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வீடு வாங்கும் யாரும் தரகரைவிடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் நம்ப வேண்டும். பழைய வீட்டைப் போர்ஷன்களாகப் பிரிப்பதானால் ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. அதையும் உள்மீட்டர் வைத்து யூனிட் இவ்வளவு என்று குடித்தனக்காரரிடம் வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் ஆக வேண்டாம். மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது லீசுக்கு வருகிறேன். 'வட்டியில்லாமல் கிடைக்கும் பணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை, மென்பொருள் எழுதும் பிள்ளை, இதை எப்படி எழுதினீர்கள்? அந்த வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். வருடத்துக்கு 1,80,000. 10 லட்சத்தை வாங்கிக்கொண்டு அந்த வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால், வருடத்துக்கு 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறீர்கள் என்று பொருள். எட்டரை சதவீதத்துக்குத் தரும் வங்கியிடம் வாங்கிய கடனுக்கு மேல், அதைப்போல இரண்டு மடங்கு வட்டியில் ஒரு கைமாற்று. மாதாமாதம் யாரும் வந்து வட்டி கேட்காததால் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வீட்டையும் போட்டுப் பாருங்கள். 40 லட்சத்து வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 32 லட்சம் தரும். மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு வழக்கமாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 3,60,000. பொதுவாக அதற்கு வங்கி கடன் தராது. ஆக, லீஸ் பணம் முழுவதும் அங்கேயே கரைந்து, மேற்கொண்டு 1,60,000 தேட வேண்டும். புதுத் தவணை ஏறக்குறைய 27,800. இரண்டு தவணையும் சேர்ந்தால் 62,500. இரண்டு வீடும் லீசில் இருப்பதால் வாடகை என்று ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது 27,500. மூன்று வருடத்தில் முதல் தம்பதியருக்கு 10 லட்சத்தைத் திருப்பித் தர மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் தெரியுமா? 27,800. நீங்கள் சாப்பிடாமல், வேளச்சேரி அறைக்கு வாடகை கொடுக்காமல், ஊருக்கு ஒரு பைசா அனுப்பாமல் இருந்தாலும் கட்டுப்படியாகாது. அப்படியானால் எங்கிருந்து தருவீர்கள்? அடுத்து லீசுக்கு வருபவரிடம் வாங்கி. அவருக்கு அதற்கடுத்தவரிடம் வாங்கி. இந்தத் திட்டத்தில் ஐந்து வீடுகள் இல்லை; ஐந்து குடும்பங்களுக்கு நீங்கள் படும் கடன்தான் இருக்கிறது.

வரிச் சலுகை கைகொடுக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். புதிய வரி முறையில், வீட்டுக் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. மற்றதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதியர் ஏன் 10 லட்சத்தை உங்களிடம் தர வருகிறார்கள் என்று யோசித்தீர்களா? அதே பணத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் இப்போதைய 8.2 சதவீதத்தில் மாதத்துக்குச் சராசரியாக 6,800 ரூபாய் வரும். உங்களிடம் தந்தால் 15,000 வாடகை மிச்சம். ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய பணம், அதனால்தான் வருகிறார்கள். அந்த வித்தியாசம், தங்கள் பணம் திரும்பி வராமல் போகக்கூடும் என்ற ஆபத்துக்கு அவர்கள் அறியாமலே வாங்கிக்கொள்ளும் கூலி. அந்த ஆபத்து நீங்கள்தான், தம்பி.

நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. உங்கள் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று சொல்கிறேன். பெரும்பாலான வீட்டுக் கடன் ஒப்பந்தங்களில், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டைக் குத்தகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு, எடுத்துப் படியுங்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்கக் கொடுக்கும் போக்கியம் எதுவும் பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. இந்த நகரத்தில் 10 லட்சமும் 15 லட்சமும் ஒரு முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, கைமாறுகிறது. உங்களுக்கு வேலை போனால் என்ன ஆகும்? தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வகைசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து ஓர் அறிவிப்பு. அதற்கும் பணம் கட்டாவிட்டால் உடைமை எடுப்பு. ஐந்தாறு மாதத்தில் வங்கி வாசலுக்கு வந்துவிடும். பதிவு செய்யாத தாளை வைத்துக்கொண்டு அந்த முதியவர் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பார்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். 1980களில் நாங்கள் மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் அப்பா வாடகையைக் கொண்டு கொடுத்தால் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, சிறிய அட்டை போட்ட நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தன் பெண்ணுக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அதுவும் மரியாதையாகத்தான். வேறு வீடு பார்த்துக்கொண்டு அட்வான்ஸைக் கேட்டபோதுதான், பணம் இல்லை என்று தெரிந்தது. எங்கள் அட்வான்ஸைப் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டியிருந்தார். அந்தப் போர்ஷனுக்கு ஆள் வரட்டும், அவர் தரும் அட்வான்ஸை வாங்கி உங்களுக்குத் தருகிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. பணம் செங்கல்லாகிவிட்டது.

புது வீட்டுக்காரர் மடிப்பாக்கத்தில் இருந்தார். பேசிய அட்வான்ஸில் பாதியைத்தான் அப்பாவால் புரட்ட முடிந்தது. மீதி வரும்வரை என்று சொல்லி அவர் இரண்டாவது அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். கூடத்திலும் சமையலறையிலுமாக நாங்கள் ஐந்து பேர். பீரோ தாழ்வாரத்தில் நின்றது. மழை பெய்தால் அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்துவோம். பூட்டிய அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் கம்பி வழியாக உள்ளே பார்த்தால் சுத்தமான சிவப்புத் தரையும், காற்று வந்தால் தானே மெல்ல அசையும் மின்விசிறியும் தெரியும். என் தம்பி அந்த ஜன்னலருகே பாயைப் போட்டுக்கொண்டு படிப்பான். அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். அந்தச் சுவர்ப்பக்கம் இருந்த துணிக்கொடியைக்கூட அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டினார். இதெல்லாம் பிறருடைய பணத்தைத் தன் பணம் என்று நினைத்துவிட்ட ஒரு நல்ல மனிதரால் நடந்தது. அதனால்தான், எண்ணம் நல்லதாக இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டிய பணம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்கிறது. 'வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய' என்ற அந்த வாசல் வழியாகத்தான் சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வீடு தேடி அலைபவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். மூன்று மாதம் வாங்குங்கள். அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கின் அட்டையை உங்கள் பர்ஸில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்யும் நாளில் சாவியை வாங்கும்போதே பணத்தைத் தந்துவிட முடிந்தவர்தான் இரண்டாவது வீட்டைப் பற்றி யோசிக்கலாம். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுவர் அழுக்கானால் அதைக் காட்டி, ஆன செலவைக் காட்டிப் பிடியுங்கள்.

ஐந்து வீடுகள் வேண்டும் என்பதில் தவறொன்றும் இல்லை. வாடகை வீட்டிலேயே வளர்ந்த எனக்கு, வாடகைக்கு விட நல்ல வீடும் நல்ல வீட்டுக்காரரும் இந்த ஊருக்கு எவ்வளவு தேவை என்று தெரியும். ஆனால் 35 வயது என்ற கெடுவை யார் உங்களுக்கு வைத்தார்கள்? அப்பா விற்ற நிலத்தின் பணம் மேடவாக்கம் வீட்டில் இருக்கிறது. அதை முதலில் காப்பாற்றுங்கள். வாடகை 15,000 வந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தவணை 20,000க்குள் நிற்கும். மிஞ்சுவதில் ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக ஒதுக்குங்கள். பிறகு அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே அடைத்து வாருங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் அதற்கு அபராதம் கிடையாது. கூடுவாஞ்சேரி எங்கும் போய்விடாது.

அந்தத் தம்பதியரிடம் வீட்டின்மேல் 40 லட்சம் கடன் இருப்பதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லுங்கள். வீட்டின்மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வங்கியிடம் பத்திரம் வைத்ததற்கான பதிவு அதில் இருக்கும், அதை அவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். டோக்கன் 10,000 ரூபாயை அங்கேயே கொடுத்துவிடுங்கள். அதன்பிறகும் வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தால், 15,000 வாடகைக்கு, 45,000 அட்வான்ஸுக்கு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு விடுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.