மச்சான் விட்ட கொடுவா

கேள்வி: எனக்கு ஊர் பெரியகல்லாறு, வயது 26. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தடியில் தூண்டில் போடுவதுதான் என் பொழுதுபோக்கு. சித்திரை வருடப்பிறப்புக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரது தூண்டிலில் ஒரு கொடுவா பட்டது. நாடா வைத்து அளந்தார், 92 சென்ரிமீற்றர். படம் எடுத்தார். பிறகு திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டார்! பக்கத்தில் வீச்சுவலையோடு நின்ற ஐயா ஒருவர் "சோத்தை ஆத்தில கொட்டுறியளா?" என்று ஏசிவிட்டுப் போனார். வீட்டில் மாங்காய் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மா, இரண்டு நாள் மச்சானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பிடிக்கிறதெல்லாம் கொல்லுறதுக்கில்லை" என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி? நானும் இனி விடத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஐயாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். உங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவருக்கு ஏழு நாளும் அதுதான். பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும் மீன் கண்ணுக்கு முன்னால் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தால் அவருக்கு அரிசி, தேங்காய், பிள்ளையின் கொப்பி எல்லாம் சேர்ந்து போன மாதிரித்தான் இருக்கும். அவரிடம் போய் மீன் வளம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். நீங்கள் ஆறு என்கிற மட்டக்களப்பு வாவியை ஒடுக்குவது அவருடைய வீச்சுவலை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். கண்டல் மரத்தை வெட்டுகிறவனையும் கண் சிறுத்த வலை போடுகிறவனையும் யாரும் இப்படிக் கூப்பிட்டு ஏசுவதில்லை.

ஆனால் குறிப்பாக அந்த மீனை விட்டது சரி என்பதுதான் என் கட்சி. காரணம், ஆணாய்ப் பிறந்து அம்மாவாகிற மீன் கொடுவா. முதல் சில வருடம் ஆணாகத்தான் திரியும். வளர்ந்து பெருத்த பிறகு, பெரும்பாலும் 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிற காலத்தில், பெண்ணாக மாறும். ஆகவே 92 என்றால் அது அநேகமாகத் தாய் மீன். அப்படியொரு தாய் ஒரு பருவத்தில் இடுகிற முட்டை மில்லியன் கணக்கு. முட்டையிட உப்புக் கூடின தண்ணீர் வேண்டும், அதற்காக முகத்துவாரப் பக்கம் இறங்கும். உங்கள் கல்லாறும் வடக்கே பாலமீன்மடுவும்தானே வாவி கடலைத் தொடும் வாசல்கள். வாசலில் நிற்கிற கர்ப்பிணியைப் பிடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெரியதை எல்லாம் எடுத்து சின்னதை மட்டும் விட்டால், கொடுவா விஷயத்தில் ஆண்களை மட்டும் மிச்சம் வைக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. மச்சான் இருப்பது குயின்ஸ்லாந்தாக இருந்தால், அங்கே அதே மீனைச் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அங்கத்தைய விதி 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்குக் கூடியதையும் விடச் சொல்கிறது. இடைப்பட்டது உங்களுடையது. ஆக, அவரும் சட்டத்துக்காக விடவில்லை, பழக்கத்தில் விட்டிருக்கிறார். பழக்கம் நல்லதுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விட்ட மீன் எல்லாம் பிழைக்கிறதா?

என் கதையைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன், கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஒரு பாரை பிடித்தேன். மத்தியான வெயில். துள்ளுகிறது என்று சாரத்தால் அமத்திப் பிடித்து வாயிலிருந்த தூண்டில் முள்ளைக் கழற்றினேன். கூட வந்தவன் கமராவை எடுக்க மோட்டார் சைக்கிளடிக்கு ஓடினான். இருவரும் மாறி மாறி நின்று படம் எடுத்தோம். பெரிய தர்மவான் மாதிரி தண்ணீரில் விட்டேன், ஒரு அடி அடித்துக்கொண்டு போனது. அடுத்த நாள் விடிய அதே கரையில் வயிறு வெளுக்க ஒதுங்கிக் கிடந்தது. சாரம் அமத்தின இடத்தில் வழுவழுப்பும் செதிலும் போய், கைத்தடம் வெளிறிப் போயிருந்தது. காகம் ஒரு கண்ணை எடுத்துவிட்டது. கறியாக வேண்டியதைக் காகத்துக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நூற்றுக்கணக்கான கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2005இல் வெளிவந்தது. தூண்டிலில் பிடித்து விட்ட மீன்களில் சராசரியாக நூற்றுக்கு 18 பிறகு செத்துப்போகின்றன என்றது அது. 1992இல் வெளியான கனடிய ஆய்வொன்று இன்னும் முகத்தில் அடிக்கிறது. களைக்கக் களைக்க விரட்டிய ட்ரௌட் மீன்களை வெளியே எடுக்காமல் விட்டபோது நூற்றுக்கு 12 செத்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. ட்ரௌட் குளிர்நாட்டு மீன், கொடுவா அதைவிட வலியது, அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் நம் தண்ணீர் சூடானது, சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. படம் எடுக்கிற நேரம் மீனின் மூச்சிலிருந்துதான் போகிறது.

ஆகவே விடுவதா வைப்பதா என்பதை மீன் கையில் வந்த பிறகு யோசித்தால் பிந்திவிட்டது. தங்கூசியில், அதுதான் தூண்டில் நூலில், முள்ளைக் கட்டும்போதே முடிவெடுங்கள். விடுகிற உத்தேசம் இருந்தால் முள்ளின் உட்பக்கம் திரும்பி நிற்கிற சின்னக் கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கழற்றும்போது சதை கிழியாது. இறால் இரை போட்டால் நுனி உள்ளே வளைந்த வட்ட முள் நல்லது. அது தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் கடைவாயில்தான் கொளுவும். ஒன்று, சுண்டி இழுக்கக் கூடாது, தானாக இறுகவிட வேண்டும். நமக்கு அந்தப் பொறுமைதான் வராது. மெல்லிய தங்கூசியில் அரை மணித்தியாலம் விளையாட்டுக் காட்டாமல், தடித்ததாகப் போட்டுக் கெதியாகக் கரைக்கு இழுங்கள். கையை நனைத்துக்கொண்டு, முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். தாடையில் தூக்கித் தொங்கவிட வேண்டாம், அடிவயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். செவுள் மூடிப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், கொடுவாவுக்கு அந்த விளிம்பு சவர அலகு. என் பெருவிரலில் இன்னும் கோடு இருக்கிறது. முள்ளை விழுங்கிவிட்டால் தோண்டாமல் தங்கூசியை வாயோடு வெட்டிவிடுங்கள். செவுளிலிருந்து இரத்தம் ஓடுகிறதா? அளவும் வேண்டாம், படமும் வேண்டாம், நேரே அம்மாவிடம்.

விடவே கூடாததும் உண்டு. திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். அதைத் திரும்ப விட்டு யாருக்கும் புண்ணியமில்லை, பொரியுங்கள். விராலுக்கு வேறு கணக்கு. குளத்து ஓரத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் குமிழி விட்டுக்கொண்டு நின்றால், தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன என்று அர்த்தம். எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியில் இல்லை, பிள்ளைக் காவலில். அங்கே தூண்டிலே போடாதீர்கள். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டால்கூட, அது குஞ்சுகளிடம் வருவதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும்.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள். அன்று எத்தனை மீன் பிடித்து விட்டார்? ஒன்று என்றால் சரி. இருபது என்றால் எனக்குச் சம்மதமில்லை. 2003இல் லின் ஸ்னெடனும் கூட்டாளிகளும் ட்ரௌட்டின் முகத்திலும் வாயோரத்திலும் நோவை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீனுக்கு நம்மைப் போல நோகிறதா என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். சுவிஸில் இருக்கும் நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே திரும்ப விடுகிற எண்ணத்தோடு தூண்டில் போடுவதே சட்டப்படி தவறு. சாப்பாட்டுக்கு மீனை நோகடிக்கலாம், விளையாட்டுக்கு நோகடிக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், கறிக்குக் காணுமட்டும் பிடித்தாயிற்று என்றால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் இப்போது அதைத்தான் கூடுதலாகச் செய்கிறேன். முதுகும் விடுவதில்லை.

அம்மாவின் கோபம் கொடுவாவைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை. மருமகனுக்குச் சமைத்துப் போட மாங்காய் வெட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மச்சான் நிற்கும்போதே இன்னொருமுறை போங்கள். நடுத்தரமாக ஒரு கொடுவாவோ இரண்டு பாரையோ பட்டால், அவரையே கொண்டுபோய்க் குசினியில் கொடுக்கச் சொல்லுங்கள். செதிலையும் அவரே கழற்றட்டும்.