என்டர்ப்ரைஸ் மூன்றாம் சீசனில் முக்கியமான எபிசோடுகளை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதே உங்களுக்குச் சிரமமாக இருக்கும், அதனால்தான் பட்டியல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ‘ஸ்டார் ட்ரெக்: என்டர்ப்ரைஸ்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் இந்த சீசனைப் பொறுக்கிப் பார்த்தால் அதன் உயிர் போய்விடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸிண்டிகள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் ஆயுதம் ஃபுளோரிடாவிலிருந்து வெனிசுவேலா வரை நிலத்தைப் பிளந்து 70 லட்சம் பேரைக் கொன்றுவிடுகிறது. பூமியையே அழிக்கும் அடுத்த ஆயுதத்தைத் தடுக்க கேப்டன் ஆர்ச்சர் தன் விண்கப்பலோடு கிளம்புகிறார். 2003 செப்டம்பரிலிருந்து 2004 மே வரை 24 எபிசோடுகளாக ஓடிய தொடர்கதை இது.

இரண்டாவது எபிசோடில் கொள்ளையர்கள் ஆர்ச்சரின் கப்பலைச் சூறையாடுகிறார்கள். பிடிபட்ட ஒருவனைக் காற்றை வெளியேற்றும் அறையில் அடைத்து, மூச்சுத் திணறவிட்டு, ஆர்ச்சர் தகவலைக் கறக்கிறார். பத்தொன்பதாவது எபிசோடில், தன் கப்பல் நகர வழியில்லாமல், ஒரு பாவமும் அறியாத இன்னொரு கப்பலின் வார்ப் காயிலை, அதாவது ஒளியை விட வேகமாகப் போக உதவும் கருவியை, அவரே பறித்துக்கொள்கிறார். அந்தக் கப்பல்காரர்கள் ஊர் திரும்ப இனி மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் கொள்ளையைப் பார்க்காதவருக்கு இந்தப் பறிப்பு வெறும் சண்டைக் காட்சிதான்.

இருபதாவது எபிசோடுதான் என்னை உலுக்கியது. தாக்குதலில் கப்பலில் 18 பேர் இறந்திருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர் டிரிப், தன் பிரிவில் இறந்த டெய்லர் என்ற பெண்ணின் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுத முடியவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். பூமியில் நடந்த முதல் தாக்குதலில் அவருடைய தங்கை இறந்துபோனவள். அந்தத் துக்கத்தை சீசன் முழுக்க அவர் விழுங்கிக்கொண்டே வந்ததைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கடிதத்தின் கனம் தெரியும்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தவன். என் ஷிப்டில் ஒரு வெல்டர் விபத்தில் இறந்தார். அவருடைய வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நான்கு வரி தட்டச்சு, பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம். நான் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் எழுதினேன். சாப்பிட உட்காரும் முன் விரல் இடுக்கெல்லாம் துணியால் துடைத்துக்கொள்வார். புதிதாக வந்த பையன்களுக்குத் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து வெல்டிங் காட்டமாட்டார், அவர்களுக்கென்று வேறு கண்ணாடி வாங்கி வரச் செய்துவிட்டுத்தான் தொடங்குவார். இதையெல்லாம் எழுதினேன். சட்டச் சிக்கல் வரும் என்று சொல்லி அதை அனுப்ப மறுத்துவிட்டார்கள். நானே கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் ஒப்பந்தத் தொழிலாளி என்பதால், இழப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரரைப் போய்ப் பார்க்கும்படி அந்த அம்மாவை அலையவிட்டார்கள். பத்து வருடம் ஒரே வாசல் வழியாக வேலைக்கு வந்தவர் எப்படி வெளியாள் ஆவார்? இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். இறந்தவர் பெயரை அடுத்த வாரமே மறந்துவிடும் தொடர்கள் நிறைய. இது மறக்கவில்லை. அதற்காகத்தான் இதைத் தாங்கிப் பேசுகிறேன்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘எக்ஸ்டிங்ஷன்’ என்ற மூன்றாவது எபிசோடு மோசம், அதை விட்டுவிட்டால் நஷ்டமில்லை. கடைசி எபிசோடின் இறுதி நிமிடத் திருப்பமும் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலின் நகல் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அந்தச் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் ஆயுதத்தை வடிவமைத்த டெக்ராவையே மனச்சாட்சி உள்ள ஒரு தகப்பனாகக் காட்டி, பேச்சுவார்த்தை வரை கொண்டுபோன கதையை வெறும் பழிவாங்கல் கதை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

முதல் இரண்டு சீசன்களைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். தாக்குதல் நடப்பது அதில்தான்.