சைக்கிள விட்டு இறங்கினா கால் ஓடவே மாட்டேங்குதே!

கேள்வி: கோடைல முதல் தடவையா ஸ்பிரின்ட் டிரையத்லான் பண்ணேன் சார். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள் ரெண்டும் எப்படியோ ஒப்பேத்திட்டேன், ஆனா கடைசி 5 கிலோமீட்டர் ஓட்டத்துல கால் என் காலாவே இல்ல, வெயில் வேற மண்டையப் பிளந்துச்சு. அடுத்த தடவைக்கு என்ன பண்ணலாம்?

பதில்: பழகினவங்களுக்கும் இது நடக்கும், பயப்படாதீங்க. அவ்ளோ நேரம் உக்காந்து பெடல் மிதிச்ச தசைய திடீர்னு மொத்த உடம்பையும் தூக்கிட்டு ஓடுன்னா அது முழிக்கத்தான் செய்யும். வாரத்துல ஒரு நாள் சைக்கிள் முடிச்ச கையோட ஷூ மாட்டி பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடிப் பழகுங்க, இதத்தான் பிரிக் பயிற்சிங்கறாங்க. ஓட்டத்துல முதல் கிலோமீட்டர வேணும்னே மெதுவா போங்க, பக்கத்துல யாரு தாண்டினா என்ன. வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதனால கொஞ்சம் முன்னாடியே வெயில்லயும் பயிற்சி எடுங்க. தண்ணிய சைக்கிள்லயே குடிச்சிக்கோங்க, ஓடும்போது வயிறு குலுங்கும், அதுக்காக தாகமே இல்லாம லிட்டர் கணக்குல ஊத்தினா ரத்தத்துல சோடியம் இறங்கி வேற வம்பு. ஓட்டத்துல தலையிலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்திக்கிட்டே போகலாம். தலை சுத்தி குளிர்ற மாதிரி இருந்தா மெடலாவது ஒண்ணாவது, அங்கயே நின்னுடுங்க.