கதவை உடைத்தது போலீஸ், காசு யார் தருவது?

வியாசர்பாடி வாசகர்: வாடகைக்குக் குடியிருப்பவரின் தம்பியைத் தேடி விடியற்காலையில் போலீஸ் வந்து, என் வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்கள். ஆள் அங்கே இல்லை. நஷ்ட ஈடு கிடைக்குமா?

தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாலா பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். உடைந்த தாழ்ப்பாளைத் தூக்கிப் போடாதீர்கள். தச்சரிடம் செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். பலரும் கதவை மாற்றிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44ஆவது பிரிவுப்படி, கைது செய்யவேண்டிய ஆள் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் நுழையலாம். ஆனால் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, திறக்கச் சொல்லியும் வழி விடாதபோதுதான் உடைக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பணம் வாங்குவது கஷ்டம். குரல் கொடுக்காமலே உடைத்தார்களா? அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கிறது.

சிவில் வழக்கென்றால் முதலில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவுப்படி அரசுக்கு நோட்டீஸ், இரண்டு மாதக் காத்திருப்பு, அப்புறம் கோர்ட். ஒரு கதவுக்கு இது அதிகம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓர் ஆண்டுக்குள் மனு போடுங்கள். கட்டணம் இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

காசிமேடு வாசகர்: கேஸில் பிடித்த என் ஆட்டோ எட்டு மாதமாக ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கிறது.

உப்புக்காற்றில் எட்டு மாதம் என்பது ஆட்டோவுக்கு எட்டு வருஷம். ஸ்டேஷனில் கெஞ்சாதீர்கள், கேஸ் முடியும்வரை வண்டியை உங்களிடம் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்பு மனு போடுங்கள். போட்டோ எடுத்து, மகஜர் (சாட்சிகள் கையெழுத்திட்ட விவரப் பதிவு) எழுதிக்கொண்டு, கேட்கும்போது வண்டியைக் கொண்டுவருவதாகப் பாண்டு வாங்கி வண்டியைக் கொடுத்துவிடலாம், ஸ்டேஷனில் தேக்கி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. பேட்டரி, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்து, குறையை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். போலீஸ் காவலில் காணாமல் போன நகைகளின் மதிப்பை அரசு தரவேண்டும் என்று 1977இல் பசவ்வா வழக்கில் தீர்ப்பானது. காணாமல் போன பாகங்களுக்கு அதைக் காட்டலாம்.

தண்டையார்பேட்டை கடைக்காரர்: கடையைச் சோதனை போட்டு சிசிடிவி பெட்டியைக் கழற்றிப் போனார்கள், ரசீது இல்லை.

எடுத்த பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட்டு, உங்களுக்கு நகல் தந்திருக்க வேண்டும். சோதனையை வீடியோவும் எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில்.

புளியந்தோப்பு வாசகி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள்.