திண்ணைக்கு வந்தவரிடம் சாவிக்கொத்து

கேள்வி: கானாடுகாத்தானில் பாட்டனார் வீட்டை விடுதியாக நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தில் உள்ள முன்பதிவு விட்ஜெட் (பக்கத்துக்குள் ஒட்டிவைக்கும் சிறு செயலி) வேறொரு நிறுவனத்தினுடையது. வாரக் கடைசியில் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கமே வெள்ளையாக நின்றுவிடுகிறது. கேட்டால், ‘உங்கள் இணைய இணைப்பில்தான் கோளாறு’ என்கிறார்கள்.

பதில்: எனக்கும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இருப்பாரே, அவரை அதே நேரத்தில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் வெள்ளை என்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. திரையைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். விட்ஜெட்டின் ஸ்கிரிப்டை, அதாவது அதை இயக்கும் நிரலை, பக்கத்தின் தலைப்பகுதியில் அப்படியே ஒட்டியிருப்பார்கள். அது வந்து சேரும்வரை பிரவுசர் மற்றதை வரையாமல் காத்திருக்கும். ஸ்கிரிப்டை அழைக்கும் வரியில் ‘ஏசிங்க்’ அல்லது ‘டிஃபர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் காத்திருக்காது. பெரும்பாலும் தளம் அமைத்தவருக்குச் சில நிமிட வேலைதான். விட்ஜெட் பக்கத்திலேயே தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். அறை கேட்டு வந்தவர் அந்த நிறுவனத்தைத் திட்ட மாட்டார், உங்களைத்தான் திட்டுவார்.

கேள்வி: தேவகோட்டையில் பலகாரக் கடை. தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் இலவச விட்ஜெட், இப்போது சூதாட்ட விளம்பரம் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எடுத்துவிடலாம். இன்றைக்கே.

கேள்வி: ஆத்தங்குடியில் நானே ஓடு வார்த்து விற்கிறேன். வாடிக்கையாளருடன் பேசும் ‘சாட்’ விட்ஜெட்டுக்கு மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். நான்கு மாதத்தில் நின்றுவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வெட்கப்படாதீர்கள். நான் ‘வாழ்நாள் சந்தா’ என்று ஒன்றை வாங்கினேன். வாழ்நாள் என்பது என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன், அது அந்த நிறுவனத்தினுடையது. பதினோரு மாதம்.

உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே முறையிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே, வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ‘வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தத்தான் வாங்கினேன் என்று மனுவிலேயே எழுதுங்கள், சட்டம் அவர்களுக்கு விலக்கு தருகிறது.

கேள்வி: பெரிய இடத்து விட்ஜெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம்தானே? (காரைக்குடி வாசகர்)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு எதையும் ஒட்டாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது!

2018 பிப்ரவரியில், பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் ‘பிரவுஸ்அலவுட்’ விட்ஜெட்டுக்குள் யாரோ கைவைத்தார்கள். அதை ஒட்டியிருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களில், வந்தவர்களின் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் கிரிப்டோ நாணயம் தோண்டின. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு அலுவலகத் தளமும் அதில் ஒன்று. 2024இல் ‘பாலிஃபில்.ஐஓ’ என்ற முகவரி கைமாறியது. சில மாதங்களில், அதிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்த லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் ஆபத்தில் சிக்கின. கைபேசியில் வந்த சிலர் பந்தயத் தளங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். தளக்காரர்கள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

நம் வீடுகளில் அந்நியரைத் திண்ணையில் உட்கார வைப்போம். உள்முற்றமான வளவுக்குள் எல்லோரையும் விடுவதில்லை, அதற்கும் உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டு பற்றிப் பேச்சே இல்லை. ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைத் தனியே காட்டும் சட்டகம்), அதன் கைகளைக் கட்டிப்போடும் ‘சாண்ட்பாக்ஸ்’ கட்டுப்பாட்டோடு வைக்கும் விட்ஜெட் திண்ணையோடு நிற்கும். நேரடியாக ஒட்டும் ஸ்கிரிப்ட் சாவிக்கொத்தோடு உள்ளே வரும், பக்கத்தில் தட்டச்சு செய்வதையெல்லாம் படிக்கும். ஸ்கிரிப்ட் மாறாத கோப்பு என்றால், அதன் கைரேகை போன்ற ‘இன்டெக்ரிட்டி’ குறியீட்டைச் சேருங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓடவிடாது. அடிக்கடி மாறும் விட்ஜெட்டுக்கு இது உதவாது. பணம் கட்டும் பக்கத்தில் எந்த அலங்கார விட்ஜெட்டும் வேண்டாம்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கும் எங்கள் தளத்தில் வானிலை, கடிகாரம், ராசிபலன், செய்தி ஓட்டம் என ஏழு விட்ஜெட்டுகள். தளம் மெதுவாக இருக்கிறது. வேகமாக்க எந்த விட்ஜெட் வாங்கலாம்?

பதில்: எட்டாவதை வாங்காதீர்கள். ஏழையும் எடுங்கள்.