ஜாடியைத் தட்டிப் பாருங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டைப் பங்கு பிரித்தபோது, இரண்டாம் கட்டுச் சாமான் அறையிலிருந்து ஆறு ஊறுகாய் ஜாடிகளும் ஒரு பெட்டி எனாமல் மங்குச் சாமானும் எங்களுக்கு வந்தன. படம் அனுப்பியிருக்கிறேன். பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஜாடிகளைச் சீனத்து ஜாடி என்று சொல்லி விலை பேசுகிறார். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசில்லை. இவை எங்கே செய்தவை? இன்னும் இவற்றில் ஊறுகாய் போடலாமா?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோள்வரை காவி, கீழே பாலாடை நிறம் என்று படத்தில் இருக்கும் ஜாடிகள் பெரும்பாலும் சீனத்தவை அல்ல. அந்த மேற்பூச்சு முறை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பழக்கத்துக்கு வந்தது. அப்புறம் நம் நாட்டிலும் அதே மாதிரி செய்தார்கள்.

மங்குச் சாமானைக் கவிழ்த்து அடி முத்திரையைப் பாருங்கள். செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த நாடே அப்போதுதான் உருவானது. ஸ்வீடன் முத்திரையும் நம் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய உண்டு. இந்த மங்கு இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்தது. ஓரம் பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். பெயராத தட்டுகளில் தாராளமாகப் பலகாரம் வையுங்கள்.

ஜாடிதான் எனக்கு முக்கியம். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சித்திரையில் ஜாடிகளை வளவு முற்றத்தில் வரிசையாக வைத்து, விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டுவார். ‘ணங்’ என்றால் இந்தப் பக்கம், ‘டொக்’ என்றால் அந்தப் பக்கம். டொக் என்ற ஜாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அதற்கு உப்போ புளியோ போட்டுக்கொள்வார். ணங் என்றதில் மட்டும் மாங்காய். பழைய வேட்டியைக் கிழித்து அவர் வேடு கட்டும்போது துணி ஜாடியின் வாயில் முரசுத் தோல் போல விறைத்து நிற்கும்.

பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். மண்பானை எண்ணெயையும் வாடையையும் குடித்துக்கொள்ளும். 1200 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்ட ஜாடியின் மண்ணோ கல்லாக இறுகிவிடுகிறது. உப்பும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்வதில்லை. கொரியாக்காரர்கள் இதற்கு நேர்மாறாக, காற்று நுண்ணியதாகப் போய்வரும் ஓங்கி என்ற ஜாடியில் கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயை நொதிக்க விடுகிறார்கள். நமக்கு எண்ணெயும் வெயிலும் காவல்.

வடக்கே ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்று பெயர். பர்மாவின் மோல்மீன் நகரில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் செய்த, நம் ஐயாக்களுக்கு ஆற்றின் அக்கரையில் தெரிந்த மார்த்தபான் துறைமுகத்தின் பெயர்தான் அது. 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, கடல் பயணத்துக்காக உப்பில் போட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைந்த மர்த்தபான்கள் தனக்குக் கிடைத்ததை எழுதியிருக்கிறார். பீங்கான் என்ற சொல்லும் கடல் தாண்டியதுதான். பாரசீகத்தில் பிங்கான் என்றால் கிண்ணம். அரபியர் காப்பி குடிக்கும் ஃபிஞ்சானும் அதே சொல். இப்படிப் பயணம் போன ஒரு பாத்திரத்தை வரவேற்பறை மூலையில் குடை செருகி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, ஊறுகாய் போடலாமா? தட்டிப் பாருங்கள். ணங் என்றால் கழுவி, தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் வேண்டாம். உள்பக்கம் மயிர்க்கோடு ஓடியிருந்தாலும், பூச்சு உரிந்திருந்தாலும், வண்ணப் படம் இருந்தாலும் புளிப்பு வைக்காதீர்கள். சில பழைய பூச்சுகளிலும் வண்ணங்களிலும் காரீயம் உண்டு, புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். சந்தேகமான ஜாடியில் அரிசி போடுங்கள்.

தேறியதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, முதலில் எலுமிச்சங்காய் போடுங்கள். வேடு கட்டுவதற்கு அம்மாவைக் கூப்பிடுங்கள்.